உப்புக்காற்றும் கையெழுத்தும்: ராமநாதபுரம் கடலோரத்தில் நடிகர் படம் சேர்ப்பவர்களுக்கு

நடிகர் படத்தில் வாங்கும் கையெழுத்து நிற்குமா அழியுமா என்பது நடிகர் முன்னால் போய் நிற்பதற்கு முன்பே, பிரிண்ட் போடும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படம் வேண்டாம். மார்க்கரில் இருக்கும் ஆல்கஹால் படத்தின் மையையும் சேர்த்துக் கரைத்துவிடும். கோட்டைச் சுற்றி அழுக்கு வளையம் கட்டும். கலர் லேபில் போட்ட பிரிண்ட்தான் சரி. 8×10 அங்குலப் படம் தெளிவாக வர 2400×3000 பிக்சல் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த படம் 4×6 அளவுக்கே சுமாராகத்தான் வரும். அதைப் பெரிதாக்கிப் போட்டால், கையெழுத்துப் போடுபவரே தன் முகத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்.

தாளில் 'குளோஸி' அல்லது லேசான 'மேட்' கேளுங்கள். பட்டுத்துணி போல மேடுபள்ளம் உள்ள 'சில்க்' தாளில் பேனா குதித்துக் குதித்து ஓடும், கோடு அறுந்து விழும். புது குளோஸி படத்தில் வேறு தொல்லை: கைரேகை எண்ணெய் பட்ட இடத்தில் மை ஒட்டாமல் முத்து முத்தாகத் திரளும். எனவே போட்ட அன்றே எடுத்துக்கொண்டு ஓடாமல் ஒரு நாள் விட்டு, பழைய பருத்தி வேட்டித் துணியால் ஈரமில்லாமல் மெதுவாகத் துடைத்து, பிறகு ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள்.

எந்தப் படத்தைத் தேர்வு செய்வது என்பதிலும் கொஞ்சம் யோசனை தேவை. முகம் நிறைந்த படம் அழகுதான், ஆனால் கையெழுத்துக்கு இடம் இருக்காது, கன்னத்தில்தான் போடுவார்கள். வெள்ளை வேட்டி, வானம், வெளிறிய சுவர் என்று கீழ்ப்பகுதியில் நாலு விரல் அகல வெளிச்சமான இடம் இருக்கும் படம் நல்லது.

பேனாவில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சட்டைப் பையில் இருக்கும் பால்பாயின்ட் பேனா ஃபோட்டோத் தாளில் பள்ளம் போடுமே தவிர மை விடாது. ஜெல் பேனா மை மேலேயே நின்று, அடுத்த கை பட்டவுடன் இழுபடும். ஸ்கெட்ச் பேனா தண்ணீர் மை, வியர்வைக்கே கரையும். 1 மில்லிமீட்டர் முனையுள்ள பெர்மனன்ட் மார்க்கர் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். கூடவே ஒரு சில்வர் பெயின்ட் பேனா. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நீலம்தான் பொருத்தம். கறுப்பில் போட்டால் பிற்காலத்தில் பார்ப்பவருக்கு அது அச்சா கையெழுத்தா என்ற சந்தேகம் வரும். இருண்ட படத்துக்கு சில்வர். மார்க்கர் வாங்கும்போது 'பிக்மென்ட்' மை (கரையாத நிறத்துகள் கலந்தது) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சாய மை வெளிச்சத்தில் சில வருடங்களிலேயே வெளுத்து ஊதாவாகவோ பழுப்பாகவோ மாறும்.

சில்வர் பேனாவை நடிகர் கையில் கொடுப்பதற்கு முன் நன்றாகக் குலுக்கி, வேண்டாத தாளில் முனையை நாலைந்து முறை அழுத்தி, மை சீராக இறங்குகிறதா என்று கிறுக்கிப் பார்த்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் எழுத்தில் ஒரு சொட்டு கொட்டும், அந்தப் படம் போச்சு. மார்க்கர் ஒன்றிரண்டு நிமிடத்தில் காயும். சில்வருக்குப் பத்து நிமிடம். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அரை மணி நேரம் கூட ஆகும். அதுவரை படத்தின் மேல் படம் அடுக்கக் கூடாது, உறையிலும் போடக் கூடாது.

அடியில் வைக்க, பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுபோகும் அட்டையே போதும். கிளிப் நேராகப் படத்தைக் கடித்தால் தழும்பு விழும், இடையில் மடித்த தாள் ஒன்றைக் கொடுங்கள்.

நட்சத்திரங்கள் வரும் இடம்

இந்த மாவட்டத்துக்கும் சினிமாவுக்கும் உறவு பழையது. கமல்ஹாசன் பரமக்குடியில் பிறந்தவர், ராஜ்கிரண் கீழக்கரை, செந்தில் முதுகுளத்தூர்ப் பக்கம் இளஞ்செம்பூர். 'நம்ம ஊர்க்காரர்' என்ற உரிமையில் வழிமறித்தால் மட்டும் கையெழுத்து கிடைத்துவிடாது. எங்கே, எப்போது கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ராமேஸ்வரத்துக்கு வரும் நடிகர்களில் பலர் முன்னோர்க்குத் திதி கொடுக்கவே வருகிறார்கள். அக்னி தீர்த்தக் கரையில் தர்ப்பணம் செய்துகொண்டிருப்பவரிடமோ, 22 தீர்த்தமும் ஆடி ஈரத்துணியோடு வெளியே வருபவரிடமோ படத்தை நீட்டாதீர்கள். தகப்பனை நினைத்து எள்ளும் தண்ணீரும் விட்ட கை அது. கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், அறைக்குத் திரும்பி உடை மாற்றி, மதுரைப் பக்கம் கிளம்பும் நேரத்தில் உடன் வந்தவரிடம் சொல்லி வையுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் அந்த முயற்சியே வேண்டாம். கூட்டத்தில் படமும் மிஞ்சாது.

கடைத் திறப்பு விழா என்றால், நடிகர் வரும்போது முண்டுவதில் பயனில்லை. ரிப்பன் வெட்டும் வரை அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கு நேரம்தான் குறி. முன்கூட்டியே கடைக்காரரிடம் சொல்லி வைத்து, உள்ளே அவர் உட்காரும் இடத்தில் கேட்பது நல்லது.

படப்பிடிப்பு என்றால் புரொடக்‌ஷன் மேனேஜரையோ உதவி இயக்குநரையோ கேட்டு, சாப்பாட்டு இடைவேளையில் மட்டும் போங்கள். ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவே மூடி திறந்த மார்க்கரை நீட்டுவது ஆபத்து: உடையில் ஒரு கோடு விழுந்தால் காலையில் எடுத்த காட்சிக்கும் மாலையில் எடுப்பதற்கும் பொருந்தாது. தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் இன்னொரு பகை காற்று. காயாத சில்வர் மையில் மணல் வந்து ஒட்டினால் பிறகு எடுக்கவே முடியாது. காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கையெழுத்து முடிந்ததும் படத்தைக் கவிழ்க்காமல், மூடியுள்ள தட்டையான டப்பாவில் கிடத்துங்கள். அங்கே சில்வரை விட மார்க்கரே மேல்.

பெயர் எழுதித் தரச் சொல்லலாமா என்று பலர் யோசிக்கிறார்கள். 'அன்புடன்' என்று உங்கள் பெயரும் தேதியும் சேர்த்து எழுதினால் விற்கும்போது விலை குறையும், மெய்தான். ஆனால் நாலு வார்த்தை கூடுதலாக எழுதிய கையெழுத்தைப் போலி செய்வது கடினம். விற்கப் போவதில்லை என்றால் எழுதச் சொல்வதே நல்லது.

படத்தை ஹோட்டல் அறைக்குள் கொடுத்தனுப்பி, கையெழுத்தோடு வெளியே வாங்கினால், போட்டவர் யார் என்று உங்களுக்கும் தெரியாது. உதவியாளர் போட்டிருக்கலாம். அப்படிக் கிடைத்ததை 'நேரில் பார்க்கவில்லை' என்று குறித்து வைப்பதே நேர்மை.

நாடகக் கொட்டகைக்குப் பின்னால்

சினிமாக்காரர்கள் பின்னால் அலைபவர்கள் கண்ணில் படாத புதையல் ஒன்று இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறது. பங்குனியிலிருந்து ஆடி வரை கோயில் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, அந்த ஒரு இரவுக்காகச் சேர்க்கும் நாடகம். இவர்கள் கையெழுத்தைப் போலி செய்து விற்பவர் யாரும் இல்லை. இவர்களிடம் கேட்பவரும் அதிகமில்லை. அதனாலேயே இப்போது சேர்த்து வைப்பது முக்கியம்.

நாடக நோட்டீஸிலிருந்து தொடங்குங்கள். அதில் நடிகர் படம், பட்டப்பெயர், ஊர், தேதி எல்லாம் இருக்கும். விழாக் கமிட்டியிடம் இரண்டு நோட்டீஸ் வாங்குங்கள்: ஒன்று மடிக்காமல் வைக்க, இன்னொன்றில் கையெழுத்து வாங்க. நோட்டீஸ் தாள் மெல்லியது. மார்க்கர் பின்பக்கம் ஊறிவிடும். ஃபோட்டோவுக்கு ஆகாத பால்பாயின்ட் பேனா இதற்கு மட்டும் பொருத்தம். அடியில் பரீட்சை அட்டை அவசியம்.

நல்ல ஃபோட்டோ வேண்டுமானால், நோட்டீஸுக்குக் கொடுத்த படத்தை நடிகரிடமே கேட்கலாம், அல்லது முதல் நாடகத்தில் நீங்களே எடுத்து, அடுத்த ஊரில் அவர் ஆடும்போது பிரிண்டோடு போகலாம். இரண்டு பிரிண்ட் கொண்டுபோங்கள். 'அண்ணே, இதுல ஒரு கையெழுத்து வேணும். இன்னொண்ணு உங்களுக்கு' என்று நீட்டினால் யாரும் மறுப்பதில்லை. தன் வேஷத்தைத் தானே நல்ல பிரிண்டில் பார்க்காத கலைஞர்கள் நிறையப் பேர்.

எப்போது கேட்பது என்பது வேஷத்தைப் பொறுத்தது. நாடகம் இரவு பத்து மணி வாக்கில் தொடங்கும். முதலில் பபூன், அதன் பின் பபூனும் டான்ஸும். கதை தொடங்க நள்ளிரவு தாண்டிவிடும். எனவே ராஜபார்ட்டிடம் அரிதாரம் பூசுவதற்கு முன், எட்டரை ஒன்பதுக்கே கேட்டுவிட வேண்டும். பூசிய பின் கையெல்லாம் எண்ணெயும் பவுடரும். பெருவிரல் ரேகை படத்தில் அப்படியே பதியும், பதிந்த இடத்தில் மை ஒட்டாது. ஈரமில்லாத துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோவது வீண் போகாது. பபூனுக்குத் தன் முதல் பகுதி முடிந்ததும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும், அது நல்ல சமயம். ஆர்மோனியக்காரர் பாவம், இரவு முழுக்க எழ முடியாது. ஆரம்பத்துக்கு முன் கேட்டால் உண்டு. 'வள்ளி திருமணம்' என்றால் வள்ளிக்கும் முருகனுக்கும் தர்க்கம் விடிய விடிய நடக்கும். விடிந்ததும் எல்லாரும் முதல் பஸ்ஸுக்குப் பறப்பார்கள், அப்போது நிறுத்தாதீர்கள்.

ஸ்திரீபார்ட், டான்ஸ் கலைஞர்களிடம் போகும்போது, ஒப்பனை இடத்துக்குள் ஆண்கள் தனியாக நுழையக் கூடாது. வீட்டுப் பெண் ஒருவரை அழைத்துப் போங்கள், இல்லையென்றால் ஆர்மோனியக்காரர் வழியாகக் கேளுங்கள். 'அக்கா' என்று மரியாதையாக அழைத்து, வந்த காரியத்தைச் சொல்லி, முடிந்ததும் வெளியே வந்துவிடுங்கள். நோட்டீஸில் இருக்கும் செல்போன் நம்பர் நாடகம் பேசுவதற்கு. நள்ளிரவில் அரட்டைக்கு அல்ல. நோட்டீஸைப் படம் எடுத்து எங்காவது போடுவதாக இருந்தால் நம்பரை மறைத்துப் போடுங்கள்.

தபாலில் கேட்பது

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். ஒரு படம் போதும். ஐந்து படம் அனுப்பினால் வியாபாரி என்று நினைப்பார்கள். திரும்பி வர உங்கள் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறையையும், படத்துக்கு இரண்டு பக்கமும் அட்டையையும் வையுங்கள். 8×10 படம் இரண்டு அட்டையோடு சேர்ந்து 60 கிராம் அளவுக்கு வரும், ஆகவே சாதாரணக் கடிதத்துக்கு ஒட்டும் ஸ்டாம்ப் போதாது. அஞ்சலகத்தில் நிறுத்துக் காட்டி ஒட்டுங்கள். மாதக்கணக்கில் பதில் வராமலும் போகும். வந்தாலும் அடுத்த பகுதியில் சொல்லும் சோதனை எல்லாம் அதற்கும் பொருந்தும்.

பழைய படம் விலைக்கு வரும்போது

எம்.ஜி.ஆர்., சிவாஜி, சாவித்திரி கையெழுத்துப் படம் என்று யாராவது கொண்டுவந்தால், கையெழுத்தைப் பார்ப்பதற்கு முன் தாளையும் மையையும் பாருங்கள். கையெழுத்தைப் பழகிப் போடலாம். காலத்தைப் பழக முடியாது.

ஃபைபர் முனை மார்க்கர்கள் உலகச் சந்தைக்கே 1960களில்தான் வந்தன. என்.எஸ். கிருஷ்ணன் 1957இல் மறைந்தார், எம்.கே. தியாகராஜ பாகவதர் 1959இல். இவர்கள் படத்தில் அந்த மார்க்கர் கையெழுத்து இருந்தால் அது போலி, பேச்சே இல்லை. அந்தக் காலத்துக் கையெழுத்து பெரும்பாலும் ஊற்றுப்பேனா மையில் இருக்கும்: சாய்த்துப் பார்த்தால் கோட்டின் அகலம் கூடிக் குறையும், வளைவுகளில் மை தேங்கிக் கறுத்திருக்கும்.

படத்தைத் திருப்புங்கள். பின்பக்கம் பிளாஸ்டிக் போல வழவழப்பாக இருந்தால் அது ரெசின் பூசிய தாள், 1960களின் பிற்பகுதிக்குப் பின் வந்தது. பின்னால் 'ஃபூஜி கலர் கிறிஸ்டல் ஆர்க்கைவ்' என்று மங்கலாக அச்சிட்டிருந்தால் அது 1990களுக்குப் பிந்தைய தாள். 1987 டிசம்பரில் மறைந்த எம்.ஜி.ஆர். அதில் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. இன்னொரு சோதனை, கடைகளில் ரூபாய் நோட்டுப் பார்க்கும் புறஊதா டார்ச். இருட்டில் அடித்துப் பாருங்கள். தாளை வெண்மையாக்கும் ஒளிர்பொருளை ஃபோட்டோத் தாளில் சேர்க்கத் தொடங்கியது 1950களில். 1940களின் படம் என்று சொல்வது நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அது பிற்காலப் பிரிண்ட். பிரிண்ட் பிற்காலத்தது என்பதாலேயே எல்லாம் போலி ஆகிவிடாது, நடிகர் அப்போது உயிரோடு இருந்தாரா என்பதுதான் கேள்வி.

அடுத்தது 10 மடங்கு லென்ஸ். மையில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. கையெழுத்தும் படமும் ஒரே பரப்பில், ஒரே பளபளப்பில் இருந்தால் கையெழுத்துப் போட்ட மூலப் படத்தைத் திரும்பப் படமெடுத்த பிரதி. உண்மையான மை சாய்ந்த வெளிச்சத்தில் தனியாக மின்னும். கோட்டின் விளிம்பில் மட்டும் மை ஒதுங்கி நடுவில் வெளிறியிருந்தால் ரப்பர் ஸ்டாம்ப். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே மாதிரிப் புள்ளி, நடுவில் வேகமே இல்லாத ஒரே தடிமன் கோடு என்றால் மெஷின் பேனாவாக, அதாவது இயந்திரமே போட்ட கையெழுத்தாக இருக்கலாம். எந்த மனிதரும் இரண்டு கையெழுத்தை மயிரிழை பிசகாமல் ஒன்றாகப் போட மாட்டார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடிக்கும்போது அச்சாகப் பொருந்தினால் இரண்டில் ஒன்றாவது பொய், பெரும்பாலும் இரண்டும்.

ஒப்பிட மாதிரி வேண்டும் அல்லவா? அரசியலுக்கு வந்த நடிகர்கள் விஷயத்தில் இது எளிது. ஜே.கே. ரித்தீஷ் 2009 முதல் 2014 வரை ராமநாதபுரம் தொகுதியின் எம்.பி.; அவர் கையெழுத்திட்ட கடிதம் இப்பக்கத்து வீடுகளில் யாரிடமாவது இருக்கும். ஆனால் அலுவலகக் கடிதத்திலும் ரப்பர் ஸ்டாம்ப் கையெழுத்து விழும் என்பதை மறக்காதீர்கள். ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவு கட்டாமல், அதே காலத்து மூன்று நான்கு மாதிரிகளைப் பாருங்கள்.

விற்பவர் கொடுக்கும் 'உண்மைச் சான்றிதழ்' தாளுக்கு, அதைக் கொடுப்பவரின் நாணயம் எவ்வளவோ அவ்வளவுதான் மதிப்பு. பின்பக்கப் படமும் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படமும் கேளுங்கள். தர மறுத்தால் விலகிவிடுங்கள்.

உப்புக்காற்று

பேனா, தாள், சோதனை பற்றி இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனிச் சொல்வது இந்தக் கரைக்கென்றே. ஃபோட்டோவுக்கு ஏற்ற ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம். 65ஐத் தாண்டினால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். பாம்பன், மண்டபம், தொண்டி வீடுகளில் பெரும்பாலான நாட்கள் 70ஐத் தாண்டியே நிற்கும். காற்றில் வரும் உப்பு அதற்கு மேல் ஒரு வேலை செய்கிறது. வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவரைக் கேளுங்கள், வடித்து ஒதுக்காத உப்பு ஏன் கசிகிறது என்று: அதில் மெக்னீசியம் குளோரைடு இருக்கிறது, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். படத்தில் படியும் உப்பும் அதே ஜாதிதான். மற்ற ஊரில் தப்பிக்கும் படம் இங்கே பிசுபிசுப்பது அதனால்தான்.

எனவே திறந்த அலமாரி வேண்டாம், ஒட்டும் பக்கமுள்ள ஆல்பம் வேண்டவே வேண்டாம். அந்தப் பசையும் அதன் பிளாஸ்டிக்கும் சேர்ந்து படத்தைத் தின்றுவிடும். ஒவ்வொரு படத்தையும் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில் தனித்தனியாகப் போடுங்கள். பிவிசி உறை ஆகாது; புதிதாகப் பிரிக்கும்போது ரெக்சின் வாடை அடித்தால் அது பிவிசி என்று சந்தேகப்படலாம். லேமினேஷன் செய்துவிட்டால் அதோடு கையெழுத்தின் கதை முடிந்தது. சூட்டில் மை இளகும், பின்னால் பிரிக்கவும் முடியாது.

உறைகளை ரப்பர் வளையமும் நாலு பக்கக் கிளிப்பும் உள்ள காற்றுப் புகா டப்பாவில் நிறுத்தி வையுங்கள். 10 லிட்டர் டப்பாவுக்கு 100 முதல் 150 கிராம் சிலிக்கா ஜெல், துணிப்பையில் கட்டி, படங்களைத் தொடாதபடி. நிறம் மாறும் மணிகளாக வாங்குங்கள், ஆனால் நீலம் வேண்டாம். அதில் கோபால்ட் குளோரைடு என்ற நஞ்சு இருக்கிறது. ஆரஞ்சு நிறம் நல்லது, ஈரம் குடித்தால் பச்சையாகும். பச்சையானால் 110 டிகிரி அளவில் இரண்டு மணி நேரம் மின் அடுப்பில் (ஓவனில்) வைத்தால் மீண்டும் ஆரஞ்சாகும். சமையலுக்கு வைத்திருக்கும் தட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். டப்பாவுக்குள் சின்ன ஈரப்பதமானி ஒன்று போட்டு வைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை. டப்பாவை மழை நாளில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுவதாகும். சித்திரை வைகாசியில், வெயில் ஏறிய பகலில் அடுக்குங்கள். கடல் பக்கச் சுவரை ஒட்டாமல், தரையில் வைக்காமல், பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள்.

ஸ்டாப்லர் பின், ஜெம் கிளிப் இரண்டும் கூடாது. இந்தக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து, படத்தில் போகாத பழுப்புத் தடம் வைக்கும். அந்துருண்டையும் கூடாது, அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிப் படத்தோடு ஒட்டவைக்கும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்தால் டப்பாவின் மூடியை நம்புங்கள், போதும்.

யார், எங்கே, எந்தத் தேதி, நேரில் போட்டதா என்பதைத் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி உறைக்குள் படத்தின் பின்னால் வையுங்கள். ரெசின் தாளின் பின்பக்கம் பென்சில் பிடிக்காது, பேனா முன்பக்கம் தழும்பு விடும். கையெழுத்துப் போடும்போது செல்போனில் எடுத்த படம் இருந்தால் அதையும் சின்னதாகப் பிரிண்ட் போட்டு அதே உறையில் சேருங்கள்.

சுவரில் மாட்ட ஆசை என்றால் நல்ல ஸ்கேன் எடுத்து, அந்தப் பிரதியை மாட்டுங்கள். மூலத்தையே மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கண்ணாடி படத்தைத் தொடாதபடி 2 மில்லிமீட்டருக்குக் குறையாத மவுண்ட் அட்டை இடையில் வைத்து, வெயில் படாத உள்சுவரில் மாட்டுங்கள். இங்கே ஃபிரேம் போடும் கடைகளில் கேட்காமல் விட்டால் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டித்தான் போடுவார்கள்.

ஏற்கெனவே கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். முதலில் கண்ணாடியோடேயே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். வெறும் படத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றுவார்கள். கையெழுத்துள்ள படத்தை, அதிலும் ஊற்றுப்பேனா மை உள்ளதை, ஊறவைத்தால் கையெழுத்து கரைந்துபோகும். அதைக் கண்ணாடியோடேயே வைத்திருப்பது மேல். பழைய ஆல்பப் பசையில் மாட்டியதை எடுக்க, பல்லிடுக்கு சுத்தம் செய்யும் மெழுகில்லா நூலை, அது கிடைக்காவிட்டால் மிக மெல்லிய தூண்டில் நரம்பை, மூலையில் நுழைத்து ரம்பம் போல இழுத்து இழுத்து அறுக்கலாம். படத்தைத் தூக்காமல், நரம்பை ஆல்பத் தாளோடு ஒட்டியே நகர்த்துங்கள். பூசணம் பூத்திருந்தால் ஈரத்துணி போடாமல், சிலிக்கா ஜெல் டப்பாவில் ஒரு வாரம் காயவைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு வெளியே நிழலில் மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். கையெழுத்து உள்ள இடத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.